நான்கு அரிசிப் பையும் ஒரு கூடாரமும்

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் எள் விழ இடம் இருக்காது. சுற்றுப்பட்டு ஊர்களின் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும். அப்படியொரு மாசி மகத்தன்று சாயங்காலம்தான், கூட்டத்தை விட்டு விலகி, நானும் என் தம்பியும் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூடாரம் போட்டுத் தங்கப் போனோம். தெரிந்த மீனவர் அண்ணன் ஒருவர் தன் ஃபைபர் படகில் எங்களை ஏற்றி, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டார். திட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. சின்ன இடம், பத்துப் பேர் சேர்ந்தாற்போல வந்தால் தாங்காது.

"மேல ஏறிப் போடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் படகைத் திருப்பினார். மேலே ஏறிப் பார்த்தோம். மணல் பொலபொலவென்று இருந்தது. கூடாரத்தோடு வந்த இரும்பு முளையைக் குத்தினால், கயிற்றை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கீழே, தண்ணீருக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி, மணல் இறுகிச் சமமாக இருந்தது. அங்கே குத்தியதும் முளை அசையவே இல்லை. கூடாரம் அட்டகாசமாக நின்றது. ஈரம் இருந்ததால்தான் மணல் இறுகியிருந்தது, அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

எட்டரை மணிக்குச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தோம். நிலா நன்றாக மேலே வந்திருந்தது. தம்பி சட்டென்று காலைத் தூக்கினான். பாய்க்கு அடியில் தண்ணீர். அடுத்த அலை கூடாரத்துக்குள்ளேயே வந்தது. முளைகளைப் பிடுங்க நேரமில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, உள்ளே இருந்த பை, போர்வை, டார்ச் எல்லாவற்றோடும் அப்படியே தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். அம்மா வைத்துக் கொடுத்த மீன் குழம்பு கடலோடு போனது. விடியும் வரை நனைந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு மேட்டில் உட்கார்ந்திருந்தோம். மாசிப் பனியில் அந்தக் குளிர் இன்றைக்கும் முதுகில் இருக்கிறது.

விடியற்காலை படகில் வந்த அண்ணன் எங்கள் கோலத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் மணலில் இரண்டு கோடுகளைக் காட்டினார். கீழே ஒன்று: இரவு வந்த தண்ணீர் விட்டுப்போன ஈரக்கோடு, அதில் பச்சைப் பாசியும் சிப்பியும் கிடந்தன. அதற்கு மேலே, நாங்கள் கவனிக்காத இன்னொன்று: காய்ந்த குச்சி, செருப்பு, வலைத்துண்டு, தெர்மகோல் எல்லாம் ஒதுங்கிக் கிடந்த பழைய கோடு. "தண்ணி தன் எல்லைய தானே எழுதி வச்சிருக்கு பாரு. இந்த மேல் கோட்டுக்கும் மேலதான் படுக்கணும். பௌர்ணமி, அமாவாசைன்னா இங்க ராத்திரி எட்டு எட்டரைக்கு மேல தண்ணி ஏறிடும்" என்றார்.

நான் கடலூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கடலைப் பார்க்காத வாரம் இல்லை. ஆனாலும் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஏற்றம் பெரிதாக இருக்கும், அது தினமும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப்போகும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் உடம்பில் ஏறியது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் கிடையாது, பெரிய ஏற்ற நாளிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் திட்டே சப்பையாக இருக்கும்போது ஒரு மீட்டர் என்பது பாதித் திட்டு.

அதற்கப்புறம் ஒரு வருடம் கூடாரம் பரண் மேலேயே கிடந்தது. அதை இறக்கியவர் சித்தப்பா.

சித்தப்பாவுக்குத் தியாகவல்லிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் சவுக்குத் தோப்பு. அந்த நிலப்பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் உப்பனாறு, மறுபக்கம் கடல், நடுவில் மணல்மேடும் முந்திரியும் சவுக்கும். நம் பழைய பாட்டுகளில் கடற்கரைச் சோலையைக் கானல் என்பார்கள். இப்போது அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லோருக்கும் கானல் நீர்தான் ஞாபகம் வருகிறது. எனக்குக் கானல் என்றால் இந்தத் தோப்புதான். அந்தப் பாட்டுகளில் வரும் புன்னையும் ஞாழலும் இங்கே இல்லை, சவுக்கு வெளியிலிருந்து வந்த மரம். ஆனால் அடும்பங்கொடி இருக்கிறது, தாழை இருக்கிறது. காற்று வந்தால் சவுக்கு எழுப்பும் ஓசை கடலோசையா மர ஓசையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சவுக்குக்கு நாம் நினைப்பதுபோல ஊசி இலை கிடையாது. இலை என்று நாம் பார்ப்பது மெல்லிய பச்சைக் குச்சி. அதில் கணுக்கணுவாக, கண்ணுக்கே தெரியாத அளவில்தான் உண்மையான இலை ஒட்டியிருக்கும். என் மகளுக்கு ஒரு குச்சியைக் கணுவில் பிட்டுப் பிட்டுக் காட்டினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

முளை நிற்காது என்று புலம்பிய என்னிடம், "முளைய யாரு கேட்டா? அரிசிப் பை நாலு எடுத்துட்டு வா" என்றார் சித்தப்பா. ஐந்து கிலோ அரிசி வருமே, அந்த வெறும் பை. அதில் முக்கால் பாகம் மணலை அள்ளிப் போட்டு, கூடாரத்துக் கயிற்றாலேயே வாயைக் கட்டினார். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, பையைப் படுக்கப்போட்டு, மேலே மணலைத் தள்ளிக் காலால் மிதித்தார். கயிறு குழியிலிருந்து சாய்வாக வெளியே வரும்படி ஒரு சிறு வாய்க்கால் கீறிவிட்டார். "இப்ப இழு" என்றார். நானும் தம்பியும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. நிமிர்ந்து நிற்கும் முளையை மணல் பிடிக்காது. படுத்துக் கிடக்கும் பையின் மேல் அத்தனை மணலும் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். மீனவர்கள் மணலில் வலையைக் கட்டி வைக்க இதையேதான் செய்கிறார்கள் என்றார். நான் இதுவரை முப்பது முப்பத்தைந்து இரவுகள் மணலில் கூடாரம் போட்டிருப்பேன். அதற்குப் பிறகு ஒரு முறைகூட இரும்பு முளையை வெளியே எடுத்ததில்லை. காலையில் பையை அவிழ்த்து மணலைக் கொட்டிவிட்டு, பையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தால் அங்கே எதுவும் மிஞ்சாது.

அன்றைக்கே இன்னொன்றையும் காட்டினார். தோப்புக்கும் கடலுக்கும் நடுவே, மேட்டின் பள்ளத்தில், கையாலேயே மணலைத் தோண்டினார். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்தது, அப்புறம் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் குழியின் அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊறி நின்றது. முதலில் கலங்கல். இரண்டு தடவை இறைத்து ஊற்றினார், மூன்றாவது தடவை தெளிந்தது. "குடிச்சுப் பாரு பாப்பா" என்றார். உப்பே இல்லை. நூறு அடி தள்ளிக் கடல் இரைந்துகொண்டிருக்கிறது, குழியில் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் மணல்மேட்டுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்தபடி தங்கிவிடுகிறது, நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால். அதனால் இந்த ஊற்றை ஆழமாகத் தோண்டக் கூடாது. தோண்டினால், அல்லது மோட்டார் போட்டு நிறைய உறிஞ்சினால், உப்பு மேலே ஏறிவிடும். மேட்டையே வெட்டி எடுத்துவிட்டால் தண்ணீர் தங்க இடமே இருக்காது. மணல்மேட்டை வெறும் மணலாகப் பார்ப்பவர்களிடம் நான் வாதாடுவது இந்த ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துத்தான்.

(குடிப்பதற்கு ஆளுக்கு நாலு லிட்டர் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுவேன். ஊற்று கை கழுவவும் பாத்திரம் கழுவவும். குழந்தையோடு போகும்போது அதில் விஷப்பரீட்சை வேண்டாம்.)

நெருப்பு விஷயத்தில் ஒரு தப்புச் செய்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். தோப்பில் இரண்டாவது தடவை தங்கியபோது, மரங்களை விட்டு விலகி வெறும் மணலில் சவுக்கு மிளாறு போட்டு மீன் சுட்டோம். முடிந்ததும் கங்கின் மேல் மணலைத் தள்ளி மூடினேன். அணைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். விடியற்காலை சித்தி செருப்பில்லாமல் அந்த இடத்தில் கால் வைத்தார். உள்ளங்கால் கொப்பளித்துப் பத்து நாள் நடக்க முடியவில்லை. மணல் நெருப்பை அணைப்பதில்லை, சூட்டைப் போர்வைபோல் மூடிக் காப்பாற்றி வைக்கிறது. மேலே பார்த்தால் மற்ற மணலைப் போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பின் நான் தோப்பில் விறகே பற்றவைப்பதில்லை. சவுக்குச் சருகு ஒரு சாண் தடிமனுக்கு மெத்தைபோல் கிடக்கும், ஒரு பொறி போதும். சின்ன கேஸ் அடுப்பு ஒன்று வாங்கிவிட்டேன். கேம்ப் ஃபயர் இல்லாமல் என்ன கேம்பிங் என்று கேட்பவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும் இல்லை.

பாம்பைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இருக்கிறது. சருகில் சுருட்டை விரியன், ஊர்ப்பக்கம் கட்டுவிரியன். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களின் படுக்கைக்குள்ளேயே வந்துவிடும், கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. தூக்கத்தில் கடிபட்டவருக்குத் தெரியாமலே போய்விடும் என்பதால்தான் அது அத்தனை பொல்லாதது. வெட்டவெளியில் பாய் விரித்துப் படுப்பதைவிட, அடிவிரிப்போடு சேர்த்துத் தைத்த, ஜிப் நன்றாக மூடும் கூடாரம் பாதுகாப்பு. ஆனால் அந்த ஜிப்பை ஐந்து நிமிடம்கூடத் திறந்து போடக் கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம்: உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் உடனே மூடு, செருப்பை உதறிப் போடு, டார்ச் இல்லாமல் இறங்காதே. உப்புக் காற்று ஜிப்பை அரித்துவிடும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் பல வருடம் வரும்.

எந்த மாதம் போகலாம்? ஐப்பசி, கார்த்திகையில் யாரும் முகத்துவாரப் பக்கமே போக வேண்டாம். வெள்ளம் வந்தால் நேற்று இருந்த திட்டு இன்றைக்கு இருக்காது. சித்திரையில் காலை ஏழு மணிக்கே கூடாரம் அடுப்பாகிவிடும். தை பாதியிலிருந்து பங்குனி வரைதான் எங்கள் காலம். தையில் பனி அதிகம், இரண்டு பக்கத்து ஜன்னலையும் திறந்து வைக்காவிட்டால் நம் மூச்சுக்காற்றே மேல் துணியில் நீராகத் திரண்டு முகத்தில் சொட்டும். மழை பெய்ததோ என்று என் மகள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பங்குனியில் சாயங்காலம் கடலிலிருந்து காற்று அடிக்கும், நடுராத்திரிக்கு மேல் நின்று, கரையிலிருந்து திரும்பி வீசும். அந்த இடைவெளியில் எல்லாம் அப்படியே அடங்கும், சவுக்கு பேசாமல் நிற்கும், அலை மட்டும் கேட்கும். அந்த நேரத்துக்காகவே நான் விழித்துக் கிடப்பதுண்டு.

அதே மாதங்களில்தான் ஆமையும் கரையேறும். அதன் பெயரே பங்குனி ஆமை. அதனால் கடலைப் பார்த்து விளக்கு வைக்கக் கூடாது. குஞ்சு பொரித்து வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கம் நோக்கித்தான் போகும். இருட்டில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும், நாம் எல்.இ.டி. விளக்கைக் கட்டித் தொங்கவிட்டால் அது கரைக்குள் நடந்து செத்துவிடும். டார்ச்சின் முகத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டால் நமக்கு வழி தெரிய அது போதும். கூடாரத்தைப் பழைய கோட்டுக்கு மேலே, ராவணன் மீசைப் புல்லும் அடும்பும் தொடங்கும் இடத்துக்கும் பின்னால் போடுவதில் இன்னொரு நன்மை, ஆமைக்கு வழி விட்டதாகவும் ஆகிறது. அந்தக் கொடிகளின் மேலேயே போடக் கூடாது, மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான்.

புதுச்சேரிப் பக்கம் காசு வாங்கிக்கொண்டு கூடாரத்தில் தங்கவைக்கும் இடம் ஒன்றில் ஒரு முறை குடும்பத்தோடு தங்கினோம். பெயர் வேண்டாம். மேட்டைச் சமமாக்கி, கொடிகளை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு, முப்பது கூடாரங்களை ஒட்டி ஒட்டி வைத்திருந்தார்கள். ராத்திரி ஒரு மணி வரை ஸ்பீக்கர். கடலைப் பார்த்து வெள்ளை விளக்குகள். பக்கத்துக் குப்பத்திலிருந்து விடியற்காலைத் தொழிலுக்குப் போக வேண்டியவர்கள் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னபோது, அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மணலில் படுக்க வருகிறவன் அந்த மணலில் பிழைக்கிறவனின் தூக்கத்தைக் கெடுப்பது என்ன நியாயம்? சுண்ணாம்பாற்றில் படகேறிப் போகும் பாரடைஸ் கடற்கரையைப் பகலில் பார்த்துவிட்டு, ராத்திரி ஊருக்குள் அறை எடுத்துத் தங்குவது எவ்வளவோ மேல்.

பிச்சாவரத்தில் கூடாரம் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே தங்கினால் குற்றம், அதை விட முக்கியமாக, அங்கே படுக்க நிலமே கிடையாது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் சேறும் தண்ணீரும் வேரும். பகலில் துடுப்புப் படகில் போங்கள். சுரபுன்னையின் ஊன்று வேர்களுக்கு நடுவே படகு நுழையும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள். தில்லை மரத்தைப் படகுக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம், கோயிலின் தல விருட்சம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கிளையை ஒடிக்க வேண்டாம். ஒரு காலத்தில் இந்தக் காட்டைப் பட்டை பட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் பள்ளமாகி, வந்த தண்ணீர் திரும்பாமல் தேங்கி, வெயிலில் உப்பேறி, கன்று எதுவும் முளைக்காமல் போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து வற்றத்தில் வெளியே போக வழி செய்த பிறகுதான் அந்த இடங்களில் மறுபடியும் காடு வந்தது.

காட்டுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு கிடக்கிறது. எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் ஊர் அங்கேதான் இருந்தது. 2004 டிசம்பர் 26 வரை அங்கே வீடுகளும் பிள்ளைகளும் இருந்தார்கள். சுனாமியில் நிறைய உயிர்களை இழந்து, மிஞ்சியவர்கள் கரைப் பக்கம் குடியேறிவிட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு மரங்கள் அரணாக நின்றன. திட்டில் இருந்தவர்கள் காட்டுக்கும் முன்னால் இருந்தார்கள். பகலில் ஒரு முறை படகில் போய் அந்த மணலில் நின்றேன். என்னைக் கொண்டுபோய் விட்டவர் இறங்கவில்லை, படகிலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பி ஏறிவிட்டேன். அங்கே ஒரு இரவு படுக்க அனுமதி கிடைத்தாலும் நான் படுக்க மாட்டேன்.

வேறு எந்தத் திட்டானாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய் நின்று கேட்பேன். யார், எத்தனை பேர், எந்த ராத்திரி என்று சொல்லிவிட்டால், போலீஸ் ரோந்து வந்தாலும் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். "கீழண்டைப் பக்கம் போன மழையில கரைஞ்சு போச்சு, இந்தப் பக்கம் போடு" என்று சொல்ல அவர்களை விட்டால் ஆள் இல்லை. எந்த வரைபடத்திலும் அது வராது. என் முதல் திட்டு, அண்ணன் கோடுகளைக் காட்டினாரே, அந்த இடம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. திட்டு வடக்கே நகர்ந்துவிட்டது.

தோப்பு மட்டும் என்ன, நிரந்தரமா? 2011 டிசம்பர் 30 காலை 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சித்தப்பாவின் வளர்ந்த சவுக்கு முழுக்க இடுப்பளவில் முறிந்து, ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து கிடந்தது. வெள்ளாற்றுப் பக்கம் வரை வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத அந்த நாட்களில் அவர் தினமும் காலையில் தோப்புக்குப் போய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டு வருவார் என்று சித்தி சொல்வார். முறிந்த மரத்தை விறகு விலைக்கு விற்று, அடுத்த மழைக்குக் கன்று நட்டார். நாங்கள் கூடாரம் போட்டுப் படுத்தது அந்த மரங்களுக்கு அடியில். அப்புறம் அவற்றையும் வெட்டி, மறுபடி நட்டு, இப்போது நிற்பது அதற்கு அடுத்த தலைமுறை.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். "பாப்பா, மரத்துக்கு வெல பேசியாச்சு. மாசி பொறந்ததும் வெட்ட வராங்க. அதுக்குள்ள ஒரு ராத்திரி வந்து படுத்துட்டுப் போயிடுங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள், "அப்புறம் நாம எங்க தாத்தா டென்ட் போடறது?" என்றாள்.

"கன்னு நட்டு, நீ படுக்கற அளவுக்கு நெழல் விழ மூணு வருஷம் ஆவும்டா கண்ணு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருப்பாள். நான் அரிசிப் பைகள் நான்கையும் துவைத்து மாடியில் காயப்போட்டிருக்கிறேன்.